வாய் தைத்த பாம்புக்குக் கை தட்டினோம்

சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் அறிமுகமாகும் பாம்பு எது தெரியுமா? பாம்பு மாத்திரைதான். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னதாகவே அது கைக்கு வந்துவிடும். சின்னஞ்சிறு கறுப்பு வில்லை. தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினால் புசுபுசுவென்று சாம்பல் நீண்டு, நெளிந்து, வளைந்து எழும்பும். தொட்டால் உதிர்ந்துவிடும். இரண்டாவது பாம்பு, சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டியில் அம்மன் தலைக்குமேல் குடை பிடித்து நிற்பது. மூன்றாவது, சினிமாக் கொட்டகையில் வெள்ளைத் திரைமீது ஆடுவது. நான்காவது பாம்பு கரிசல் காட்டில் எலி பிடித்து வாழ்வது. அதைத்தான் நாம் அடித்துக் கொல்கிறோம்.

முதல் இரண்டு பாம்புகளுக்கும் நோய் வருவதில்லை. மூன்றாவதற்கு வருமா? வரும். ஏனெனில், கணிப்பொறிச் சித்திரங்கள் வருவதற்கு முன்பு, திரையில் ஆடிய பாம்பு வேறொன்றுமில்லை. நான்காவது பாம்பைப் பிடித்துக் கொண்டுவந்து விளக்கொளியில் நிறுத்தியதுதான். அந்தப் பாம்பை ஒரு நடிகராக அல்ல, ஒரு நோயாளியாகப் பார்த்தால் நமது பாம்புப் படங்கள் எப்படித் தோன்றும்? இந்தக் கட்டுரையில் அப்படித்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரு காட்சியும் ஒரு கதையும்

1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த 'அண்ணாமலை' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுரேஷ் கிருஷ்ணா இயக்கியது. பால்காரனாக வரும் ரஜினிகாந்த் பெண்கள் விடுதியில் நிற்கையில் ஒரு பாம்பு அவர் உடம்பின்மேல் ஏறிவிடுகிறது. கொட்டகை முழுவதும் சிரித்துத் தீர்த்த காட்சி அது. கலை என்ற முறையில் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. தமிழ்ப் படங்களில் கதாநாயகன் பாம்பைக் கண்டால் கையால் பிடித்து வீசுவதே வழக்கம். இங்கே அவன் நம்மைப் போலவே அஞ்சுகிறான். கை ஓங்காமல் நின்ற இடத்தில் உறைந்துபோகிறான். பாம்பு அருகில் வந்தால் செய்ய வேண்டியதும் அதுவே. ஆயிரம் அறிவுரைகள் சொல்லாததை ஒரு நகைச்சுவைக் காட்சி சொல்லிவிட்டது என்று பாராட்டலாம்.

ஆனால் இந்தக் காட்சியோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலவி வருகிறது. படமெடுத்து முடித்த பிறகுதான் அந்தப் பாம்பின் வாய் தைக்கப்படவில்லை என்று தெரிய வந்ததாம். எல்லோரும் வெலவெலத்துப் போனார்களாம். இயக்குநரே பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். கேட்பவர்கள் அத்தனை பேரும் "அடடா! கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!" என்று வியப்பார்கள்.

அன்பர்களே, அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வாய் தைக்கப்படவில்லை என்பதுதான் அதில் வியப்பு. அப்படியானால் வழக்கம் என்ன? வாயைத் தைப்பதுதான் வழக்கம்! மற்ற எத்தனையோ படங்களில், எத்தனையோ அம்மன் காட்சிகளில், எத்தனையோ சந்தை முனைகளில் ஆடிய பாம்புகளுக்கு ஊசியும் நூலும் தப்பவில்லை என்பதைத்தான் இந்தக் கதை நமக்குத் தெரிவிக்கிறது. 'அண்ணாமலை'யின் பாம்பு தப்பித்தது. ஆகவே நான் இங்கே குறை சொல்வது அந்தப் படத்தை அல்ல. அந்தக் கதையை இத்தனை ஆண்டுகளாக வீரக் கதையாகவே கேட்டுவந்த நம் காதுகளைத்தான்.

நாக்கு நம்மை ஏமாற்றுகிறது

"வாயைத் தைத்திருந்தால் பாம்பு நாக்கை நீட்டுவது எப்படி? திரையில் பளிச் பளிச்சென்று நாக்கு வெளியே வருகிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பாம்பு நாக்கை நீட்ட வாயைத் திறக்க வேண்டியதில்லை. மேல் உதட்டின் நுனியில் ஒரு சிறு பள்ளம் உண்டு. வாய் முழுவதும் மூடியிருக்கும்போதே அந்த இடைவெளி வழியாக நாக்கு வந்து போகும். பிளவுபட்ட அந்த நாக்கு காற்றிலும் தரையிலும் உள்ள வாசனைத் துகள்களைத் திரட்டி, வாயின் மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு என்ற நுகர் கருவிக்குக் கொண்டு சேர்க்கிறது. பாம்பு உலகை அறிவது பெரும்பாலும் இந்த வழியில்தான். எனவே, உதடுகளை ஓரங்களில் சேர்த்துத் தைத்தாலும் முன்புறப் பள்ளம் திறந்தே இருக்கும். நாக்கு வந்துபோகும். பார்ப்பவர்கள் "சீறுகிறது, சுறுசுறுப்பாக இருக்கிறது" என்று எண்ணுவார்கள். படமெடுப்பதும் அப்படித்தான். நாகம் தன் கழுத்து விலாவெலும்புகளை விரித்துப் படமெடுப்பது ஆட்டமல்ல, அச்சத்தின் அறிகுறி. மகுடி அசையும் திசையில் அது அசைவது, எதிரே ஆடும் பொருளைக் கண்காணிப்பதால்.

ஆக, திரையில் நாம் பார்த்து ரசித்த நாக்கும் படமும், பாம்பு நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகமாட்டா. சாகும் தறுவாயில் உள்ள பாம்பும் அவ்விரண்டையும் காட்டக்கூடும்.

தைத்த வாய்க்குள் நடப்பது என்ன?

ஊசி பாய்ந்த இடம் முதலில் வீங்குகிறது. பாம்பின் வாயில் இயல்பாகவே பல நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. உடல் நலமாக இருக்கும்வரை அவற்றால் தொல்லையில்லை. காயமும் களைப்பும் தாகமும் சேர்ந்தால் அவை பெருகிவிடுகின்றன. ஈறு சிவக்கிறது, புள்ளி புள்ளியாய் இரத்தம் கசிகிறது, பிறகு சீழ் பிடிக்கிறது. நமக்கு வரும் சீழ் நீராக வடியும். ஊர்வனவற்றின் சீழ் அப்படியல்ல. பாலாடைபோலக் கெட்டியாகத் திரண்டு ஒட்டிக்கொள்ளும். தானாக வடிந்து ஆறும் வழி அதற்கு இல்லை. வாய் அழுகல் என்று சொல்லும் இந்த நோய் முற்றினால் தாடை எலும்பையே அரித்துவிடும்.

அதோடு நிற்பதில்லை. மூச்சுக்குழலின் வாய் பாம்புக்கு வாயின் அடித்தளத்தில், முன்பக்கமாகவே இருக்கிறது. வாயில் உள்ள சீழும் எச்சிலும் எளிதில் உள்ளே இறங்கிவிடும். நாகப்பாம்புக்கு வேலை செய்யும் நுரையீரல் வலப்புறத்து ஒன்றே. இடப்புறத்தது சிறுத்துப் போனது. அதற்கு உதரவிதானம் கிடையாது. அதனால் நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்ற அதனால் இயலாது. உள்ளே இறங்கியது உள்ளேயே தங்கி நுரையீரல் அழற்சியாகிறது.

சிலர் வாயைத் தைப்பதற்குப் பதில் பல்லைப் பிடுங்குவார்கள். நச்சுப் பல்லுக்குப் பின்னால் மாற்றுப் பற்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. சில வாரங்களில் புதுப்பல் முளைக்கும். மறுபடியும் பிடுங்குவார்கள், மறுபடியும் புண். இன்னும் சிலர் நச்சுப் பையையே சிதைத்துவிடுவார்கள். இரையை வீழ்த்தவும், அதன் செரிமானத்துக்குத் துணை செய்யவும் இயற்கை தந்த கருவி அது. அதை இழந்த பாம்பைக் காட்டில் விட்டாலும் பிழைப்பது அரிது.

கொட்டாங்கச்சிப் பால்

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். சாத்தூரில் சந்தை நாள். வைப்பாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பாம்பாட்டி கூடையைத் திறந்து வைத்திருந்தார். வெள்ளரிக்காய் வாங்க அம்மா கொடுத்த காசில் நாலணாவைப் பாம்பின் பாலுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் கொட்டாங்கச்சியில் பாலை ஊற்றிப் பாம்பின் முகத்தருகே வைத்தார். அது குடித்தது. உண்மையாகவே குடித்தது! சற்று நேரத்தில் அதன் மூக்கில் சிறு சிறு குமிழிகள் கிளம்பின. "வயிறு நெறைஞ்சு பெருமூச்சு விடுது தம்பி" என்றார் அவர். புண்ணியம் செய்துவிட்டோம் என்ற பெருமையோடு வீட்டுக்குப் போனேன். காசுக் கணக்கு கேட்ட அம்மாவும் "நாகருக்குத்தானே" என்று விட்டுவிட்டாள்.

மூக்கில் குமிழி கிளம்புவது பாம்பின் மூச்சுப்பாதையில் நீர் சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். அன்று நான் பார்த்தது ஒரு பிராணி மூச்சுத் திணறுவதை. காசு கொடுத்துப் பார்த்தேன்.

பாம்பு பால் குடிக்குமா என்ற கேள்விக்கு "குடிக்காது" என்று மட்டும் சொன்னால் போதாது; கண்ணால் கண்டவர்கள் நம்பமாட்டார்கள். பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த பாம்பு எந்த நீர்மத்தையும் குடிக்கும் என்பதே சரியான விடை. பால், குட்டிகளுக்கு முலையூட்டும் பிராணிகளின் உணவு. பாம்புக் குட்டி பிறந்த நாள் முதல் இரை தேடித் தின்பது. பாலைச் செரிக்கும் ஏற்பாடு அதன் குடலில் இல்லை. செரிக்காத பால் குடலைக் கெடுக்கும். மூச்சுக்குழலில் இறங்கிய பால் நுரையீரலைக் கெடுக்கும். தாகத்துக்கு அதற்குத் தேவையானது ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர்.

நமது படங்கள் இந்த இடத்தில் என்ன செய்தன? 1974இல் தேவர் நிறுவனத்தின் 'வெள்ளிக்கிழமை விரதம்' வந்தது. 1979இல் 'நீயா?' வந்தது, இணையைக் கொன்றவர்களை மனித உருவில் வந்து ஒவ்வொருவராகப் பழிவாங்கும் நாகத்தின் கதை அது. 1990இல் இராம நாராயணனின் 'ஆடி வெள்ளி' வந்தது. கற்பனைக் கதையில் விஞ்ஞானம் தேடக்கூடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். பாம்பு பெண்ணாக மாறுவதைப் பார்த்து அதை உண்மை என்று நம்பியவர் எவரும் இல்லை. ஆனால் இந்தப் படங்களின் வழியே நமக்குள் வேறொரு பாம்பு குடியேறிவிட்டது. பக்திக்குக் கட்டுப்படும், பகைவனை நினைவில் வைக்கும், பசி தாகம் அறியாத பாம்பு. பாம்புக்குத் தெய்வத்தன்மையைக் கொடுத்தோம். உடம்பைக் கொடுக்க மறந்துவிட்டோம். உடம்பே இல்லாத ஒன்றுக்கு நோய் வரும் என்று யாருக்குத் தோன்றும்? இப்படங்களின்மீது என் மனக்குறை இதுதான்.

நோயை மறைக்கும் பிராணி

இதே 1972ஆம் ஆண்டுவாக்கில் நம் மாநிலத்தில் இன்னொரு பள்ளிக்கூடமும் திறந்தது. ராமுலஸ் விட்டேக்கர் சென்னை கிண்டியில் பாம்புப் பண்ணையை 1972இல் நிலைபெறச் செய்தார். அங்கே பாம்பு ஒரு பிராணியாகக் காட்டப்பட்டது. என்ன தின்னும், எப்போது தோலுரிக்கும், எந்தச் சூட்டில் வாழும் என்று மக்கள் நேரில் கண்டார்கள். கொட்டகையில் கற்றதையும் பண்ணையில் கற்றதையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சிறந்த இடம், நோயுற்ற பாம்பின் பக்கம்தான்.

பாம்பு வெளிச்சூட்டைச் சார்ந்து வாழும் பிராணி. அதன் உடலில் எல்லாமே மெதுவாக நடக்கும். உணவில்லாமல் மாதக்கணக்கில் உயிர் தரிக்கும். ஆகவே அது சாவதும் மெதுவாகத்தான். படப்பிடிப்பில் வதைபட்ட பாம்பு படப்பிடிப்பில் சாவதில்லை. வாரங்கள் கழித்து எங்கோ ஒரு கூடைக்குள் சாகும். "எங்கள் கண்ணெதிரே அதற்கு ஒன்றும் ஆகவில்லை" என்று படமெடுத்தவர்கள் மனமார நம்ப முடிவது இதனால்தான்.

அப்படியானால் ஆபத்தில் உள்ள பாம்பை எப்படி அறிவது? வாயைத் திறந்தபடி மூச்சு விடுதல், மூக்கில் குமிழி, மூச்சில் கறகறப்பு ஆகியவை நுரையீரல் நோயின் குறிகள். உதடு முழுமையாக மூடாமல் வீங்கியிருந்தால் வாய் அழுகல். தோல் சுருங்கி மடிப்பு விழுந்தால் நீரிழப்பு. தோலுரிக்கும்போது கண்மேல் உள்ள கண்ணாடிச் செதில் கழலாமல் தங்கிவிட்டால் அதுவும் நீரிழப்பின் விளைவாக இருக்கலாம். தலையை வானை நோக்கித் தூக்கி வெறித்தபடி கிடந்தாலும், மல்லாந்த உடலைத் திருப்பிக்கொள்ள இயலாமல் போனாலும் நரம்பு வரை கேடு எட்டியிருக்கிறது என்று பொருள்.

இவற்றைக் கண்டால் நாம் செய்ய வேண்டியவை சில, செய்யக் கூடாதவை பல. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட பாம்பாயினும், தோட்டத்து நைலான் வலையில் சிக்கிய பாம்பாயினும், கூடையில் விட்டுச் செல்லப்பட்ட பாம்பாயினும் வனத்துறைக்குச் சொல்வதே முதல் வேலை. சாரையா நாகமா என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தாலும் கையை நீட்டாதீர்கள். நோயுற்ற நாகத்தின் நஞ்சு நோயுற்றது அல்ல. கூட்டத்தை விலக்குங்கள்; நிழல் உண்டாக்குங்கள். நம் ஊர் வெயிலில் தகரப் பெட்டிக்குள் அடைத்த பாம்பு சிறிது நேரத்திலேயே வெந்து செத்துவிடும். குளிர்ச்சி நல்லது என்று பனிக்கட்டி வைப்பதும் தவறு; உடல் குளிர்ந்தால் நோயை எதிர்க்கும் ஆற்றலும் குறைந்துவிடும். பால், முட்டை, மஞ்சள், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். வாயில் எதையும் புகட்ட வேண்டாம்.

பழகிய மீட்பாளர் அதைக் காற்றுப் புகும் துணிப்பையில் இட்டு மருத்துவரிடம் சேர்ப்பார். சாத்தூர்க்காரர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி என்றால் அருகில் உள்ளது திருநெல்வேலி இராமையன்பட்டியில் இருக்கிறது. மருத்துவர் நூலை வெட்டி எடுப்பார். கெட்டிச் சீழை மெல்லச் சுரண்டிக் கழுவுவார். இழந்த நீரை ஊசி வழியே ஏற்றுவார். உடலைத் தக்க வெதுவெதுப்பில் வைக்கச் சொல்வார். இங்கே ஒரு விந்தை. நமக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை தரும் சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பாம்புக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். அதன் உடல் அவ்வளவு மெதுவாகத்தான் மருந்தைச் செலவழிக்கிறது. ஊசியையும் உடலின் முன்பாதியில்தான் போடுவார்கள். பின்பாதி இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும் என்பதால், அங்கே போட்ட மருந்து பயன்படுமுன் வெளியேறிவிடலாம். சிறுநீரகத்துக்குக் கேடும் விளைவிக்கலாம். தெய்வமாகவோ பேயாகவோ பாம்பைப் பார்த்தவர்கள் இவற்றைக் கண்டறியவில்லை. அதன் உடம்பைப் பார்த்தவர்கள் கண்டறிந்தார்கள்.

இன்று மாறிவிட்டதா?

மாறியிருக்கிறது. 2001ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு விலங்குகளைத் திரைப்படத்தில் காட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. படம் தொடங்குமுன் விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்ற வரி ஓடுவதை நீங்கள் காண்கிறீர்கள். 2021 பொங்கலுக்கு வந்த 'ஈஸ்வரன்' படத்துக்காகக் கதாநாயகன் பாம்பு பிடிக்கும் காட்சி வெளியானபோது உடனே புகார் எழுந்தது. அது பிளாஸ்டிக் பாம்புதான் என்று இயக்குநர் விளக்க வேண்டி வந்தது. முன்பு உண்மைப் பாம்பு என்பது பெருமை. இப்போது பொம்மைப் பாம்பு என்பது தற்காப்பு! ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

ஆனாலும் பழைய கண் முழுவதும் மாறவில்லை. கைப்பேசிப் படத்துக்காகப் பாம்பின் வாலைப் பிடித்துத் தொங்கவிடுவோர் பெருகியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து கடத்திவரப்படும் பந்து மலைப்பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் மீண்டும் மீண்டும் பிடிபடுகின்றன. அவற்றைக் காசு கொடுத்து வாங்குவோரில் எத்தனை பேர் வாய் அழுகலைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துகொள்வார்கள்? பாம்பை வேடிக்கைப் பொருளாகக் காணும் பழக்கம் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் குடிபெயர்ந்திருக்கிறது, அவ்வளவே.

பாம்பைப் பிடித்து வைத்தும் அதைக் கெடுக்காமல் இருக்க முடியாதா? முடியும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடந்து வருகிறது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைப்பட்டுப் பிழைப்பிழந்த மக்கள் அவர்கள். உரிமம் பெற்றுப் பிடிக்கும் பாம்புகளை மண்பானைகளில் சில வாரங்களே வைத்திருப்பார்கள். வாரம் ஒரு முறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததை நீங்கள் அறிந்திருக்கலாம். அங்கே பாம்பின் வாய் திறந்திருக்க வேண்டும். பல் முழுதாக இருக்க வேண்டும். உடல் நலமாக இருக்க வேண்டும். இல்லையேல் நஞ்சு இல்லை, மருந்து இல்லை. கரிசல் காட்டில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் உழவன் கடிபட்டுப் பிழைப்பது அந்தத் திறந்த வாயினால்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை பழைய பாம்புப் படம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் தாராளமாக ரசியுங்கள். ஆனால் பாம்பு திரையில் தோன்றும்போது நாக்கைப் பார்க்காதீர்கள். உதட்டின் ஓரத்தைப் பாருங்கள். வீங்கியிருக்கிறதா, கோணியிருக்கிறதா, ஒரு முறையேனும் வாய் திறக்கிறதா என்று பாருங்கள். நாலணா கொடுத்த அந்தப் பையனுக்கு அப்படிப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை.